முன்னால் போன டயர் தடம்

இதைச் சொல்ல ஆரம்பித்தாலே கேட்கிறவர்கள் முதலில் என் கண்ணைத்தான் பார்ப்பார்கள், இந்த ஆள் ஒழுங்காகத் தூங்குகிறானா என்று. ஒழுங்காகத் தூங்குவதில்லை, அதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் பேய், பிசாசு, காத்து கருப்பு இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மனைவி இழுத்துக்கொண்டு போனால்தான் கோயிலுக்கே போகிறவன் நான். என் வேலையும் அப்படிப்பட்டது. ஆந்திர எல்லையில் இருக்கிற ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வெள்ளை விளக்குக்குக் கீழே பிளாஸ்டிக் பாகங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், எட்டு மணி நேரமும் அதில் கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இருக்கிற மாதிரி இருந்தது என்று யாரும் ரிப்போர்ட் எழுத முடியாது. பன்னிரண்டு வருடமாக அப்படிப் பார்த்துப் பழகின கண் இது. அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

எனக்கு ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். தினமும் போய்வந்து உடம்பு தாங்காமல், கம்பெனிக்குப் பக்கத்தில் வரதய்யபாளையத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன், வார லீவில் வீட்டுக்குப் போவேன். நாற்பத்தாறு வயதில் சுகர் வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனை நடக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான், சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அப்போதுதான் முனிரத்தினம் சைக்கிள் யோசனையைக் கொண்டுவந்தான்.

முனிரத்தினம் எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வரதய்யபாளையத்துக்காரன், வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். அவனிடம் கிராவல் பைக் என்கிற சைக்கிள் இருந்தது. பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில் கீழே வளைந்திருக்கும், ஆனால் டயர் தடிமன், மேலே குமிழ் குமிழாக இருக்கும், ஜல்லி, செம்மண், ஓடைக்கல் எதிலும் போகும். சென்னையில் யாரோ ஐடி பையன் வாங்கி அலுத்துப்போய் விற்றதை இவன் வாங்கியிருந்தான். எனக்கும் அதேபோல ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தான். இரண்டு மாதத்தில் என் சுகர் இறங்கியது என்பது உண்மை. அதனால் அவன் கூப்பிட்டால் நான் மறுப்பதில்லை.

நாங்கள் போவது ஊருக்கு மேற்கே இருக்கிற மலைக்கு. அது ரிசர்வ் காடு. அருவிக்குப் போகிற கேட் பக்கம் லீவு நாளில் கூட்டமாக இருக்கும், அந்தப் பக்கம் நாங்கள் போவதில்லை. ஃபாரஸ்ட்காரர்களின் ஜீப்புக்காக மலையைச் சுற்றி வெட்டின செம்மண் பாதை ஒன்று உண்டு, அதற்குத் தனியாக ஒரு சின்ன கேட். அங்கே இருந்த வாட்ச்மேன் முனிரத்தினத்துக்குத் தெரிந்தவர். வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும், பீடி சிகரெட் கூடாது, அவ்வளவுதான் அவர் சொல்வது.

அன்றைக்குப் போயிருக்கவே கூடாது. ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் முடிந்த காலை அது. ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், இவன் சைக்கிளோடு ஸ்டாப்பிலேயே நிற்கிறான். இரண்டு நாள் முன்னால் நல்ல மழை, மண் கெட்டியாகி இருக்கும், இன்றைக்கு விட்டால் பிறகு புழுதிதான், வாண்ணா என்றான். தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பகலில் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதற்கு மலை ஏறலாம் என்று தோன்றியது. இரண்டு பாட்டில் தண்ணீர், சுகர் இறங்கினால் போட்டுக்கொள்ள நாலு கடலை மிட்டாய், அதோடு கிளம்பிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் முனிரத்தினத்தின் பின் டயரில் ஒரு கல் குத்தி, ஓரத்தில் இரண்டு குமிழைப் பிய்த்து எடுத்துவிட்டிருந்தது. புது டயர் போடடா என்றால் காற்று நிற்கிறதே என்பான். அதனால் அவன் சைக்கிள் போன தடத்தில் ஏழடிக்கு ஒரு தடவை வலது ஓரத்தில் அரை விரல் அகலத்துக்கு ஒரு காலி இடம் விழும். மற்றவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. எனக்கு அது மட்டும்தான் கண்ணில் படும், வேலை அப்படி. மழை பெய்து கெட்டியான செம்மண்ணில் அது அச்சடித்த மாதிரி இருந்தது.

கேட்டிலிருந்து மேடு. முதல் ஒரு கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் போனோம், பிறகு என்னால் முடியவில்லை. அவன் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தான்.

"நீ நிதானமா வாண்ணா. மேல ஏறி அந்தாண்ட எறங்குனா ரெண்டா பிரியும் பாரு, நான் அங்க நிக்கிறேன்."

நான் கையை மட்டும் ஆட்டினேன். அவன் போய்விட்டான். அந்த இடம் எனக்கும் தெரியும். இடது பக்கம் திரும்பினால் சுற்றிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிடலாம். வலது பக்கம் நாங்கள் போனதில்லை, மலைக்கு அந்தப் பக்கத்தில் ஏதோ மாந்தோப்புக்குப் போகும் என்று முனிரத்தினம் சொல்வான்.

நான் உருட்டிக்கொண்டும் ஏறிக்கொண்டும் போனேன். சில இடத்தில் கண் தானாகச் சொருகியது, சைக்கிள் ஓரத்துப் புல்லில் ஏறினதும் திடுக்கென்று விழித்து மறுபடியும் பாதைக்கு வந்தேன். எத்தனை நேரம் ஏறினேனோ தெரியாது. உச்சியில் நின்று ஒரு பாட்டிலைக் குடித்தேன். கீழே இறங்குகிற பாதை செங்குத்து, ஒரு பக்கம் மலைச் சரிவு, ஒரு பக்கம் ஓடைப் பள்ளம், நடுவில் ஒரு மோசமான வளைவு. பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்தை மட்டும் பார்த்து இறங்கினேன். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அந்த வளைவில் நான் பள்ளத்துப் பக்கம் பார்க்கவில்லை. வளைவு தாண்டினதும் நிமிர்ந்தேன். முன்னால் அவனுடைய தடம் ஓடியது. ஏழடிக்கு ஒரு காலி இடம். சரி, போய்விட்டான் என்று நினைத்தேன்.

பாதை பிரிகிற இடத்தில் அவன் இல்லை.

இரண்டு தரம் கூப்பிட்டேன். இடது பக்கப் பாதையைப் பார்த்தேன், மண் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வலது பக்கம் அந்தத் தடம் போயிருந்தது. எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, புதுப் பாதையைப் பார்த்ததும் ஆசை வந்து ஓடிவிட்டான், என் நிலைமை இவனுக்கு எங்கே புரிகிறது என்று திட்டிக்கொண்டே நானும் வலது பக்கம் திரும்பினேன்.

நம்பினால் நம்புங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தத் தடத்தின் பின்னால் போனேன். கல் இருக்கிற இடத்தில் மறையும், மண் வந்ததும் திரும்ப வரும். ஓடை குறுக்கிட்ட இடத்தில் இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறியிருந்தது. நடுவில் மூன்று தடவை அவன் மணி கேட்டது. மாடு, மான் விலகுவதற்காகப் பழைய சைக்கிளின் பித்தளை மணியைக் கழற்றி மாட்டியிருந்தான், அந்தச் சத்தம் வேறு எதற்கும் வராது. அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற மாதிரி கேட்கும், வளைவு தாண்டினால் பாதை மட்டும் இருக்கும். முனி, நில்லுடா என்று கத்தினேன். தொண்டை வறண்டுபோய்ச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் தீர்ந்தது. சுகர் இறங்கியிருக்கும், அதனால்தான் இதெல்லாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்போதே அப்படித்தான் நினைத்து, நாலு மிட்டாயையும் நின்று நிதானமாக மென்று தின்றேன். தின்றுவிட்டுப் பார்த்தபோதும் தடம் அங்கேயேதான் இருந்தது.

காடு முடிந்து ஒரு மாந்தோப்பு வந்தது. மோட்டார் ரூம், அதை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி, தொட்டி நிறைய தண்ணீர். தடம் நேராகத் தொட்டிக்குப் போயிருந்தது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு, தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் குடித்தேன். குடித்து நிமிர்ந்தபோது அறுபது வயதிருக்கிற ஒருவர் மோட்டார் ரூம் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ரமணய்யா, தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், அது பிறகு தெரிந்தது. எனக்குத் தெரிந்த தெலுங்கில், முன்னால் வந்த சைக்கிள்காரன் எங்கே என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். விடிந்ததிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன், நீதான் முதல் ஆள் என்றார்.

தடம் இருக்கிறதே என்று திரும்பிக் காட்டினேன்.

ஒரே ஒரு சைக்கிளின் தடம்தான் இருந்தது. என்னுடையது. என் டயரில் ஒரு பழுதும் கிடையாது, ஒரே சீராக ஓடும். தொட்டியடியிலிருந்து காடு வரைக்கும் அது ஒன்றுதான் ஓடியது. நான் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். அந்த மண்ணில் வேறு ஒரு சக்கரமும் ஏறவில்லை, அழிந்ததற்கான அடையாளமும் இல்லை. என் முகத்தைப் பார்த்து ரமணய்யாவுக்கு என்ன தோன்றியதோ, நான் சொல்லி முடிக்கும் முன்னால் உள்ளே போய் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடம். ஓடையின் இரண்டு கரையிலும் ஒரு தடம். பாதை பிரிகிற இடத்திலும் ஒரு தடம்தான், அதுவும் என்னுடையது. மேட்டில் ஏறி அந்த மோசமான வளைவுக்கு வந்தபோதுதான் இரண்டாவது தடம் கண்ணில் பட்டது. மேலேயிருந்து வந்து, வளைவில் திரும்பாமல் நேராகப் பள்ளத்துக்குப் போயிருந்தது. விளிம்பிலேயே அந்தக் காலி இடம் ஒன்று விழுந்திருந்தது.

ரமணய்யா வண்டியை அணைத்தார். அணைத்ததும் கீழேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

முனிரத்தினத்தின் குரல். அலறல் இல்லை, முனகல் இல்லை, டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஏதோ சொல்வான், பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது, பிறகு "ம்" என்பான், எதிராளி சொல்வதைக் கேட்கிறவன் "ம்" கொட்டுகிற மாதிரி. ரமணய்யா என் கையைப் பிடித்து, பயப்படாதே, கூட யாரோ இருக்கிறார்கள் என்று தெலுங்கில் சொன்னார். எனக்கும் அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். ஓடைக்கல் நடுவில் படுத்திருந்தான், தனியாக. வலது கால் தொடையிலிருந்தே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. சைக்கிள் முன்சக்கரம் நெளிந்துபோய் ஒரு பக்கம் கிடந்தது. அவனுடைய தண்ணீர் பாட்டில் பத்தடி மேலே முட்செடியில் மாட்டிக்கொண்டு இருந்தது, மூடிகூடத் திறக்காமல். ஆனால் அவன் வாயோரமும் சட்டைக் கழுத்தும் நனைந்திருந்தன. வேர்வை என்று நினைத்தேன். இன்றைக்கும் வேர்வை என்றே வைத்துக்கொள்கிறேன்.

என்னைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. அழவும் இல்லை. ரமணய்யாவைப் பார்த்துத்தான் புருவத்தைச் சுருக்கினான்.

"இவர எப்போண்ணா போய் கூட்டிக்கினு வந்த? இங்கதான உக்காந்துக்கினு இருந்த."

அடிபட்ட மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிப்பா, பேசாதே என்றேன்.

போனில் டவர் இல்லை. ரமணய்யா கேட்டுக்குப் போய் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வண்டியில் கிளம்பினார். ஃபாரஸ்ட் ஜீப் வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரமும் நான் அவன் பக்கத்தில் நிஜமாகவே உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பேச ஒன்றுமே இருக்கவில்லை. என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவனும், வேண்டியதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்கிற மாதிரி கண்ணைத் திறந்து மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் விசேஷம் ஒன்றும் இல்லை, ஸ்ட்ரெச்சர், ஜீப், ஆம்புலன்ஸ், திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது, உள்ளே ரத்தம் நிறையப் போயிருந்தது. அன்று சாயங்காலமே ஆபரேஷன். இத்தனை நேரம் வெயிலில் கிடந்தும் நினைவு தப்பாமல் இருந்ததே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். தூங்கியிருந்தால் கஷ்டம்தான் என்றும் சொன்னார். நான் காரிடாரில் நின்றுகொண்டே தூங்கினேன், செக்யூரிட்டி வந்து தோளைத் தட்டி பெஞ்சில் உட்கார வைத்தார்.

மூன்றாம் நாள் முனிரத்தினத்தின் மனைவி பத்மா என்னை வெளியே கூப்பிட்டாள். காப்பி வாங்கிக் கொடுத்தாள். அவளும் மூன்று நாளாகத் தூங்கவில்லை, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கோபமாகப் பேசவில்லை, பேசத் தெம்பில்லாத மாதிரி மெதுவாகத்தான் பேசினாள்.

"அவரு ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. விழுந்த நிமிஷத்துல இருந்து நீங்க கூடவே உக்காந்துக்கினு இருந்தீங்க, தண்ணி குடுத்தீங்க, தூங்க உடலன்னு அவரு சொல்றாரு. நீங்க பாக்காம தாண்டிப் போய்ட்டேன்றீங்க. ரெண்டுல எதுண்ணா நெஜம்?"

நான் சொன்னதுதான் நிஜம், ரமணய்யாவைக் கேட்டுப் பார் என்றேன்.

"உட்டுட்டுப் போயிருந்தா போனேன்னு சொல்லுங்க. நான் இன்னா பண்ணப்போறேன். அவரு ஏன் அப்படிச் சொல்றாருன்னுதான் புரியல."

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவன் பள்ளத்தில் கிடக்கிறான், நான் தலைக்கு மேலே இருபதடியில் சைக்கிளில் போயிருக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடம் இருந்தது, மணி கேட்டது என்று யாரிடம் சொல்வது, அவளிடமா? அவளிடம் சொல்லவில்லை. வெறுமனே, தப்பு என்மேல்தான்மா என்றேன். அவள் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

உள்ளே போனேன். முனிரத்தினம் முழித்துக்கொண்டு இருந்தான், வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், ஆனால் தெளிவாக இருந்தான். அவளிடம் ஏன் அப்படிச் சொன்னாய், நான் உன் பக்கத்தில் இல்லவே இல்லையே என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கூச்சப்பட்டு மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

"நீ பேசிக்கினே இருந்ததாலதாண்ணா கண்ண மூடாம இருந்தேன். மூடுனா அவ்ளோதான்னு எனக்குத் தெரிஞ்சிது. உங்க நைனா விஷயத்த வேற யார்கிட்டயும் சொன்னதில்லன்னு சொன்ன. நானும் சொல்ல மாட்டேன், பத்மாகிட்டகூட சொல்லல."

எந்த விஷயம் என்று கேட்டேன்.

அவன் சொன்னான். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் என் நைனா, என் அப்பா, கடைசியாகப் படுத்திருந்ததை. ஒரு வாரம் நைட் ஷிஃப்டும் பகலில் ஆஸ்பத்திரியுமாக அலைந்து, எட்டாவது நாள் ராத்திரி நான் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்ததை. விடிகிற நேரத்தில் அவர் மேலேயிருந்து "சின்னா, தண்ணி" என்று கூப்பிட்டதை. எனக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. உடம்பை அசைக்க முடியவில்லை. நர்ஸ் வருவாள், ஐந்து நிமிடம் கழித்து எழுந்திருக்கலாம் என்று, தூங்குகிற மாதிரியே கிடந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் கிடந்தேன். அப்படியே நிஜமாகத் தூங்கிவிட்டேன். காலையில் நர்ஸ்தான் என்னை எழுப்பினாள், அவர் போய்விட்டிருந்தார். ஆறு வருடமாகிறது. தூக்கத்திலேயே அமைதியாகப் போனார் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். மனைவிக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. முனிரத்தினம் என் நைனாவைப் பார்த்ததுகூட இல்லை, அவர் போன பிறகுதான் அவன் கம்பெனிக்கே வந்தான். சின்னா என்று வீட்டில் என்னைக் கூப்பிடுவார்கள் என்பதுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது. தூக்கத்தில் உளறியிருப்பேனோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன். அவன் முன்னால் நான் தூங்கினதே இல்லை.

அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். எந்த மாதிரி பாய், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனின் சத்தம், எல்லாமே.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, முனிரத்தினம் என் கையைத் தொட்டான்.

"அதையே நெனச்சிக்கினு இன்னும் எத்தினி வருஷம்ண்ணா இப்படியே இருப்ப? நீதான சொன்ன, நீ முழிச்சிக்கினு இருந்தது அவருக்கே தெரியும்னு. ரெண்டாவது தபா கூப்ட்டுட்டு, கட்டில்ல இருந்து குனிஞ்சி உன்னப் பாத்தாராம். நீ கண்ண இறுக்கி மூடிக்கினு இருந்தியாம். சரி, புள்ளைக்கு முடியலன்னுதான் மூணாவது தபா கூப்புடல."

முனிரத்தினம் இப்போது ஒரு கோலை ஊன்றிக்கொண்டு நடக்கிறான், வேலைக்கும் வருகிறான், சைக்கிளைத் தொடுவதில்லை. பத்மா என்னோடு முன்னைப்போலத்தான் பேசுகிறாள், ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை. ரமணய்யா மாங்காய்க் காலத்தில் ஒரு கூடை கொடுத்தனுப்பினார். அந்தத் தடத்தை யார் போட்டார்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினது யார் என்று நான் இப்போது யோசிப்பதில்லை, யோசிக்கத் தெம்பும் இல்லை. நான் ஒருவேளை மயக்கத்தில் திரும்பி வந்து அவனிடம் பேசியிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் நைனா குனிந்து பார்த்தார் என்பதை நான் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அன்றைக்கு ராத்திரி என் கண் மூடியிருந்தது. அவர் பார்த்தாரா இல்லையா என்பது எனக்கே தெரியாது.